பொங்கல் விடுமுறையில் குடும்பத்தோடு வேன் எடுத்துச் சுற்றப் போகிறோம். பாதுகாப்பாகப் போய்வர எதைக் கவனிக்க வேண்டும்?

சென்னையிலிருந்து மதுரைக்கு வந்து, வயதான பெற்றோரையும் குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு திருச்செந்தூருக்கும் கொடைக்கானலுக்கும் போவதாக எழுதியிருக்கிறீர்கள். மாட்டுத்தாவணிப் பக்கம் சுற்றுலா வேன் வைத்துத் தொழில் செய்கிறவன் நான், வண்டியும் ஓட்டுகிறேன். வேன் பேச வருகிறவர்கள் ஏ.சி. உண்டா, புஷ்பேக் சீட்டா, கிலோமீட்டருக்கு எவ்வளவு, டிரைவர் பேட்டா எவ்வளவு என்று துருவித் துருவிக் கேட்பார்கள். டிரைவர் முந்தின இரவு தூங்கினாரா என்று மட்டும் கேட்க மாட்டார்கள். முதலில் கேட்க வேண்டியதே அதுதான்.

பொங்கல் சமயத்தில்தான் சபரிமலையில் மகரவிளக்கும் வருகிறது. இந்தப் பக்கத்து வேன்களில் பாதி கம்பம், குமுளி வழியாக அங்கே போய்விடும்; டிரைவர் கிடைப்பது குதிரைக்கொம்பு. விடிய விடிய மலையிலிருந்து இறங்கி வந்தவரை, முகம் கழுவவிட்டு, காலையில் இன்னொரு டிரிப்புக்கு ஏற்றிவிடுகிற முதலாளிகள் உண்டு. 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், நாளைக்கு எட்டு மணி நேர வேலை என்று வரையறுத்தது. பண்டிகைக் கூட்டத்துக்காக நீட்டித்தாலும் பத்து மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்றது. பண்டிகை வாரத்தில் அதை யார் எண்ணிப் பார்க்கிறார்கள்? ஆகவே அட்வான்ஸ் கொடுக்கும்போதே, “எங்களுக்கு வரப்போகும் டிரைவருக்கு முந்தின நாள் என்ன டிரிப்?” என்று கேட்டுவிடுங்கள். பதிலை மழுப்பினால் வேறு இடம் பாருங்கள்.

திட்டம் போடுகிறவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. “டிரைவர் தம்பி, ராத்திரி பன்னிரண்டுக்குக் கிளம்பினால் விடியற்காலம் திருச்செந்தூர். கடலில் ஒரு முழுக்கு, நாழிக்கிணற்றில் குளியல், தரிசனம். மத்தியானம் கன்னியாகுமரி. அஸ்தமனம் பார்த்துவிட்டு ராத்திரியே மதுரை” என்று வீட்டுப் பெரியவர் ஒருவர் அடுக்குவார். ஒரு நாள் அறை வாடகை மிச்சம் என்பது அவர் கணக்கு. வண்டி திருமங்கலம் தாண்டுவதற்குள் எல்லோரும் தூங்கிவிடுவார்கள். அந்த ஒரு நாள் வாடகையைச் செலவழித்து, பகலில் போய், இரவு தங்கி, காலையில் சாமி பார்த்துவிட்டுத் திரும்புங்கள் என்பதே என் யோசனை. டிரைவருக்கும் படுக்க இடம் கேட்டு வாங்குங்கள். பல லாட்ஜ்களில் அவரை வண்டியிலேயே படுக்கச் சொல்லிவிடுவார்கள். மூடிய வேனுக்குள் கொசுக்கடியில் படுத்தவர் மறுநாள் எப்படி ஓட்டுவார்?

இரவில் போயே ஆக வேண்டும் என்றால், தூங்காமல் வரக்கூடிய ஒருவரை முன் சீட்டில் உட்கார வையுங்கள். இரண்டு மணியிலிருந்து ஐந்து மணிவரை கண் தானாகச் செருகும் நேரம்; டீயும் பாட்டும் அதைச் சற்றுத் தள்ளிப்போடும், அவ்வளவே. வண்டி ஓரத்து வெள்ளைக் கோட்டை மிதித்து மிதித்துத் திரும்புகிறதா, எதிரே வண்டி வந்தும் ஹெட்லைட்டை டிம் செய்ய மறக்கிறாரா, கேட்டதற்குப் பதில் தாமதமாக வருகிறதா என்று பாருங்கள். இதில் ஒன்று தெரிந்தாலும் நிறுத்தச் சொல்லுங்கள். பெட்ரோல் பங்க்கின் உள்ளே, வெளிச்சம் இருக்கும் இடத்தில் நிறுத்தி, அரை மணி நேரமாவது அவர் தூங்கட்டும். சாலையோரத்தில் மட்டும் வேண்டாம். ஓரங்கட்டிய லாரியின் பின்னால் போய்ச் சொருகிய வண்டிகளை நான்கு வழிச்சாலையில் விடியற்காலங்களில் நிறையப் பார்த்தாயிற்று.

தை மாதத்தில் இன்னொன்றும் உண்டு. பழனிப் பாதயாத்திரைக்காரர்கள் தைப்பூசம்வரை சாரைசாரையாகச் சாலையில் நடப்பார்கள். வெயிலுக்குப் பயந்து பலர் இரவில்தான் நடக்கிறார்கள். பச்சை வேட்டி இருட்டில் தெரியவே தெரியாது. பையின் பின்னால் ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால்தான் உண்டு. திண்டுக்கல் பக்கம் போகும்போது வேகத்தைக் குறைக்கச் சொல்ல நீங்கள் கூச்சப்பட வேண்டியதில்லை.

கொடைக்கானலுக்கு வருவோம். வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும். 2024 மே 7 முதல், உயர் நீதிமன்ற உத்தரவின்படி நடைமுறைக்கு வந்தது. வத்தலக்குண்டு தாண்டி, காட்ரோடு என்ற இடத்தில் ஏற்றம் தொடங்கும். ஏறும்போது எல்லோரும் பள்ளத்தைப் பார்த்துப் பயப்படுவார்கள், இறங்கும்போது செல்ஃபி எடுப்பார்கள். ஆபத்து இறக்கத்தில்தான் இருக்கிறது. எந்த கியரில் ஏறியதோ அதே கியரில் இறங்க வேண்டும். வண்டியைப் பாதி பிடித்து வைப்பது என்ஜின்தான். டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அப்போது முழுப் பாரமும் பிரேக்கில் விழும். பெருமாள்மலை தாண்டிச் சில வளைவுகளுக்குள் தீய்ந்த நாற்றம் வரத் தொடங்கினால், பிரேக் சூடேறிவிட்டது என்று பொருள். இன்னும் விட்டால் மிதி உள்ளே போகும், வண்டி நிற்காது. டம் டம் பாறை மாதிரி அகலமான இடத்தில் நிறுத்தி ஆறவிட வேண்டும். சக்கரத்தில் தண்ணீர் ஊற்றக் கூடாது; சூட்டில் இருக்கும் டிரம் விரிசல் விடலாம். மாலையில் பனி மூட்டம் இறங்குவதற்குள் இறக்கத்தைத் தொடங்கிவிடுங்கள். மலைப்பாதையில் ஏறி வருகிற வண்டிக்குத்தான் முதல் வழி, அது விதியும்கூட.

விலை குறைவு என்று வெள்ளை நம்பர் பிளேட் வண்டியை வாடகைக்கு எடுக்காதீர்கள். சொந்தப் பயன்பாட்டு வண்டியை வாடகைக்கு ஓட்டியது தெரிந்தால் இன்சூரன்ஸ்காரர்கள் கைவிரிக்க அதுவே போதும். மஞ்சள் பிளேட்டாக இருந்தாலும், வண்டி எண்ணை எம்பரிவாகன் செயலியில் போட்டு எஃப்.சி. எனும் தகுதிச் சான்றும் இன்சூரன்ஸும் எதுவரை இருக்கின்றன என்று பார்த்துவிடுங்கள். இதில் எங்களுக்குக் கோபம் வராது. வந்தால் ஏதோ இருக்கிறது.

வழியில் சமைத்துச் சாப்பிடலாம் என்று சிறிய கேஸ் சிலிண்டரைத் தூக்கி வருகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 2023 ஆகஸ்ட் 26 அதிகாலை, மதுரை ரயில் நிலையம் அருகே நின்றிருந்த சுற்றுலாப் பெட்டியில் தீப்பிடித்து ஒன்பது பேர் இறந்தார்கள். உத்தரப் பிரதேசத்திலிருந்து வந்த யாத்திரிகர்கள். விதியை மீறிக் கொண்டுவந்த சிலிண்டரில் தேநீர் போட்டபோது நடந்தது. வேனின் கதவு ரயில் பெட்டிக் கதவைவிடச் சிறியது. மதுரையிலும் வத்தலக்குண்டிலும் சாப்பாட்டுக்குப் பஞ்சமா என்ன?

திரும்பும்போது கும்பக்கரை அருவிக்குப் போகலாமென்று குழந்தைகள் கேட்பார்கள். கீழே வெயில் அடிக்கும்போதே மேலே பெய்த மழையில் வெள்ளம் வரும். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் 17 வயதுப் பையனைக் கொண்டுபோனது அப்படித்தான். வனத்துறை தடை போட்டிருந்தால் அவர்களோடு வாதாடாதீர்கள்.

நெடுஞ்சாலையில் வண்டி பழுதானால், டயர் மாற்றுவதை வேடிக்கை பார்த்துக்கொண்டு வண்டிக்குப் பின்னால் நிற்காதீர்கள். நான்கு விளக்கையும் மினுக்கவிட்டு, சிவப்பு முக்கோணத்தைத் தூரமாக வைத்து, பெரியவர்களையும் குழந்தைகளையும் ஓரத்துத் தடுப்புக்கு அப்பால் கொண்டுபோய் உட்கார வையுங்கள். தேசிய நெடுஞ்சாலை உதவிக்கு 1033, ஆம்புலன்ஸுக்கு 108. கிலோமீட்டர் கல்லில் உள்ள எண்ணைப் படித்துச் சொன்னால் அவர்களுக்கு உங்களைத் தேட வேண்டியிருக்காது.