கடைசியாக எழுதிய மதிப்பே நிற்கும்

கேள்வி: மெயின்ஃப்ரேம் சேமிப்பக நிர்வாகப் பணியில் அண்மையில் சேர்ந்தேன். ஸ்டோரேஜ் கிளாஸுக்கான (வேகம் போன்ற சேவைத் தரம்) ஏசிஎஸ் ரொட்டீனில் (புதிய கோப்புக்கான வகுப்பைத் தானாகத் தேர்ந்தெடுக்கும் சிறு நிரல்), ‘பே’ என்று தொடங்கும் டேட்டாசெட்டுகளுக்கு (மெயின்ஃப்ரேம் கோப்புகளுக்கு) ‘ஃபாஸ்ட்’ என்ற மதிப்பை ஓர் இஃப் கூற்றில் கொடுத்தேன். 500 எம்பிக்கு மேற்பட்ட எதற்கும் ‘ஸ்டாண்டர்ட்’ என்று அதன் கீழே இன்னோர் இஃப் இருக்கிறது. பெரிய ‘பே’ டேட்டாசெட்டுகள் ஸ்டாண்டர்டுக்கே போய்விடுகின்றன. அதே ரொட்டீனில் மேனேஜ்மென்ட் கிளாஸையும் (காப்பு நகல், நீக்கம் போன்ற விதிகள்) கொடுத்தால், டிரான்ஸ்லேட் செய்யும்போதே (நிரலை இயங்கும் வடிவத்துக்கு மாற்றும்போதே) பிழை வருகிறது. ஏன்?
— வாசகர், திருநகர், மதுரை

பதில்: ‘செட்’ கூற்று மதிப்பை எழுதுமே தவிர, ரொட்டீனை நிறுத்தாது. முதல் இஃப் ‘ஃபாஸ்ட்’ என்று எழுதிய பிறகும் ஓட்டம் கீழே தொடர்ந்து, இரண்டாவது இஃப் உண்மையாகும்போது அதே மாறியின் மீது ‘ஸ்டாண்டர்ட்’ என்று எழுதிவிடுகிறது. மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் மூட்டையின் மேல் எழுதிய ஊரை ஒருவர் அழித்து வேறு ஊர் எழுதினால், மூட்டை இரண்டாவது ஊருக்குத்தான் போகும்.

முதல் செட்டுக்குப் பின் ‘எக்ஸிட்’ போட்டால் தீரும். ஆனால் அதோடு பூஜ்யமல்லாத ‘கோட்’ எண்ணைச் சேர்த்துவிட்டால் டேட்டாசெட்டுக்கான இட ஒதுக்கீடே தோல்வியடையும். எனக்குப் பிடித்தது ‘செலக்ட்’ அமைப்பு. அதில் முதலில் உண்மையாகும் ‘வென்’ மட்டுமே நிறைவேறும் என்பதால், சிறப்பு விதிகளை மேலேயும் பொது விதிகளைக் கீழேயும் வைத்து, மிச்சத்தை ‘அதர்வைஸ்’ வசம் விடலாம்.

இரண்டாவது சிக்கலுக்குக் காரணம் எளிது. டேட்டா கிளாஸ் (கோப்பின் அமைப்பு, அளவு), ஸ்டோரேஜ் கிளாஸ், மேனேஜ்மென்ட் கிளாஸ், ஸ்டோரேஜ் குரூப் (சேமிப்பு வட்டுகளின் தொகுதி) என்ற வரிசையில் நான்கு ரொட்டீன்கள் ஓடுகின்றன. ஒவ்வொன்றும் தனக்குரிய மாறிக்கு மட்டுமே மதிப்பு எழுதலாம். மேனேஜ்மென்ட் கிளாஸ் ரொட்டீனில் ஸ்டோரேஜ் கிளாஸை ஒப்பிட்டுப் பார்க்கலாம், மாற்ற முடியாது. ஸ்டோரேஜ் கிளாஸுக்கு வெற்று மதிப்பைக் கொடுத்தால் அந்த டேட்டாசெட் எஸ்எம்எஸ் (சேமிப்பகத்தைத் தானாகக் கவனிக்கும் மென்பொருள் அமைப்பு) நிர்வாகத்துக்குள் வராது, பின்னிரண்டு ரொட்டீன்களும் ஓடா. ஸ்டோரேஜ் குரூப்புக்கு மட்டும் காற்புள்ளியிட்டு 15 பெயர்கள் வரை எழுதலாம்.

மேற்கோள் குறிகளையும் ஒருமுறை பாருங்கள். நேரடிப் பெயரைக் குறிக்குள் எழுத வேண்டும். நட்சத்திரம் உள்ள மாஸ்க்கை (பல பெயர்களுக்குப் பொருந்தும் மாதிரியை) குறியின்றி எழுத வேண்டும். மாஸ்க்கைக் குறிக்குள் அடைத்தால் நட்சத்திரமும் பெயரின் ஓர் எழுத்தாகிவிடும். பிழைச் செய்தியும் வராது, எந்த டேட்டாசெட்டும் பொருந்தாது. இந்த ஒரு தவற்றில் நான் அரை நாள் இழந்திருக்கிறேன். ஆக்டிவேட் செய்யுமுன் ஐஎஸ்எம்எஃப் என்ற சேமிப்பக நிர்வாகத் திரைகளில் உள்ள டெஸ்ட் வசதியில் 499 எம்பிக்கு ஒன்று, 501 எம்பிக்கு ஒன்று என இரண்டு ‘பே’ டேட்டாசெட்டுகளை ஓட்டிப் பாருங்கள்.