பெர்மிட் விதிகள் மாறிவிட்டன: வெளிநாட்டு வேலை கேள்வி-பதில்

சிங்கப்பூரில் பல வருடம் கட்டட வேலை பார்த்துவிட்டு வந்தேன். இப்போது வயது 54. இனிமேல் எடுக்க மாட்டார்கள் என்கிறார்களே? (வியாசர்பாடி)

அது பழைய விதி. ஒர்க் பெர்மிட்டில் இத்தனை வருடம்தான் இருக்கலாம் என்ற வரம்பை 2025 ஜூலை 1 முதல் சிங்கப்பூர் எடுத்துவிட்டது. புதிதாக விண்ணப்பிப்பவர் 61 வயதுக்குள் இருந்தால் போதும், 63 வரை வேலை பார்க்கலாம். பழைய ஸ்கில் டெஸ்ட் சான்றிதழைத் தேடி எடுத்து வையுங்கள்.

வெளிநாடு போக எவ்வளவு ஆகும்? உடனே பதில் வேண்டும். (திருவொற்றியூர்)

எந்த நாடு, என்ன வேலை, பாஸ்போர்ட் எப்படிப்பட்டது, ஒன்றுமே எழுதவில்லை. எழுதி அனுப்புங்கள், பார்க்கலாம்.

தம்பி குவைத்தில் தனியார் கம்பெனியில் இருக்கிறான். கல்யாணத்துக்கு வர டிக்கெட் போட்டுவிட்டோம். ஏதோ அனுமதி வேண்டுமாமே? (ராயபுரம்)

வேண்டும். 18-ம் பிரிவு விசாவில், அதாவது தனியார் கம்பெனி வேலை விசாவில், இருப்பவர்கள் நாட்டை விட்டுக் கிளம்ப, 2025 ஜூலை 1 முதல் முதலாளி ஒப்புக்கொண்ட எக்ஸிட் பெர்மிட் கட்டாயம். குவைத் அரசின் சாஹல் ஆப்பிலேயே விண்ணப்பிக்கலாம். டிக்கெட்டுக்கு முன்னால் கேட்டிருக்க வேண்டிய கேள்வி இது. இன்றைக்கே போடச் சொல்லுங்கள்.

மண்ணடி ஏஜென்ட் ஒருவர் துபாய்க்கு 1,80,000 கேட்கிறார். முதலில் விசிட் விசா, அங்கே போனதும் ஒர்க் பெர்மிட்டாக மாற்றிவிடுவாராம். கொடுக்கலாமா? (கொருக்குப்பேட்டை)

கொடுக்காதீர்கள். மாதா மாதம் இதே கடிதம் வருகிறது, மாதா மாதம் இதையேதான் எழுதுகிறேன். விசிட் விசாவில் வேலை செய்வது அமீரகத்தில் குற்றம். பெர்மிட் இல்லாமல் ஆள் வைக்கும் முதலாளிக்கான அபராதத்தை 2024-ல் உயர்த்திவிட்டார்கள்: குறைந்தது ஒரு லட்சம் திர்ஹாம், அதிகபட்சம் பத்து லட்சம். மாட்டினால் முதலாளி உங்களைத் தெரியாது என்பார். கையில் ஒப்பந்தம் இருக்காது, சம்பள பாக்கிக்குப் புகார் கொடுக்கக்கூடத் தாள் இருக்காது.

பணக் கணக்கையும் பாருங்கள். பதிவு பெற்ற ஏஜென்ட் இங்கே வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாய். ஜிஎஸ்டி சேர்த்தால் சுமார் 35,000. ஆள் எடுக்கும் செலவைத் தொழிலாளி தலையில் கட்டக் கூடாது என்று அமீரகச் சட்டமே சொல்கிறது. மீதி ஒன்றரை லட்சம் எதற்கு என்று அவரிடம் கேளுங்கள். பதிவு எண்ணை வாங்கி மத்திய அரசின் இமைக்ரேட் இணையதளத்தில் போட்டுப் பாருங்கள். எண் தர இழுத்தடித்தால் அந்தப் படியை விட்டு இறங்கிவிடுங்கள். நகையை அடகு வைத்துக் கொடுத்துவிட்டு அப்புறம் எனக்கு எழுதுகிறவர்களுக்கு என்ன பதில் சொல்வது? பணம் எப்போதும் பேங்க் வழியாக, ரசீதோடு. ரொக்கம் கூடவே கூடாது.

அரசு வழியாகப் போக கிண்டியில் தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இருக்கிறது. வண்ணாரப்பேட்டையிலிருந்து மெட்ரோ ஏறினால் ஒரே வண்டி.

பையன் ஒன்பதாவதோடு நின்றுவிட்டான். இசிஆர் பாஸ்போர்ட். சிங்கப்பூர் போக முடியுமா? (தண்டையார்பேட்டை)

போகலாம். பத்தாவது தேறாதவர்களுக்குக் கொடுப்பதுதான் இசிஆர் பாஸ்போர்ட்; அதை வைத்துச் சில நாடுகளுக்கு வேலைக்குப் போக அரசின் குடியேற்ற அனுமதி வாங்க வேண்டும். அந்த 18 நாடுகளில் சிங்கப்பூர் இல்லை. வளைகுடா, மலேசியா என்றால் அனுமதி கட்டாயம். அப்போது பத்து லட்சம் ரூபாய்க் காப்பீடும் எடுக்க வேண்டும், பிரீமியம் சில நூறு ரூபாய்தான்.

சிங்கப்பூர் ஐபிஏ கடிதத்தில் 800 வெள்ளி போட்டிருக்கிறது. ஏஜென்ட் 1,200 என்றார். (எண்ணூர்)

ஐபிஏ என்பது ஒர்க் பெர்மிட்டுக்குச் சிங்கப்பூர் அரசு தரும் முன் ஒப்புதல் கடிதம். அதில் இருப்பதுதான் உங்கள் சம்பளம். அடிப்படைச் சம்பளம், படி, பிடித்தம் மூன்றும் தனித்தனி வரியாக இருக்கும். ஓவர்டைமைச் சேர்த்து 1,200 சொல்லியிருப்பார். விமானம் ஏறுவதற்கு முன்னால் கேட்டுத் தீர்த்துக்கொள்ளுங்கள். அதுவரை ரொக்கம் கொடுக்காதீர்கள்.

சவுதியில் வீட்டு டிரைவராக இருக்கிறேன். முதலாளி சம்மதம் இல்லாமல் வேறு இடம் மாறலாம் என்று 2021-ல் விதி வந்ததே? (காசிமேடு)

அந்த விதி கம்பெனி வேலையாட்களுக்கு. வீட்டு டிரைவர், வீட்டு வேலையாள், தோட்டக்காரர் அதில் வரவில்லை. சம்பளம் தராமல் இழுத்தடித்தாலோ கொடுமைப்படுத்தினாலோ ரியாத்திலோ ஜெத்தாவிலோ உள்ள இந்தியத் தூதரக அலுவலகத்தில் எழுத்தில் புகார் கொடுங்கள். புகார் கொடுக்காமல் வீட்டை விட்டு ஓடினால் 'ஹுரூப்', அதாவது வேலையை விட்டு ஓடிப்போனவர் என்று, அரசிடம் பதிவு போட்டுவிடுவார்கள்.