900 ஸ்ட்ரீம், காசு எங்கே?

கேள்வி: நண்பர்கள் சேர்ந்து ஒரு தனிப்பாடல் செய்து, டிஸ்ட்ரிபியூட்டர் (பாட்டை இசைச் செயலிகளில் ஏற்றித் தரும் நிறுவனம்) வழியாக ஸ்பாட்டிஃபையில் ஏற்றினோம். எட்டு மாதத்தில் 900 ஸ்ட்ரீம். ஒரு பைசா வரவில்லை. ஒரு ஸ்ட்ரீமுக்கு எவ்வளவுதான் தருவார்கள்?
– வாசகர், திருச்சி

பதில்: 2024 முதல் ஸ்பாட்டிஃபையில் ஒரு விதி இருக்கிறது. கடந்த 12 மாதங்களில் 1,000 ஸ்ட்ரீமையாவது எட்டாத பாட்டுக்கு ஒலிப்பதிவு ராயல்டி (உரிமைத்தொகை) கிடையாது. அந்தத் தொகை, 1,000ஐ எட்டிய பாட்டுகளுக்குப் போய்விடும். 30 விநாடியாவது ஓடினால்தான் அது ஒரு ஸ்ட்ரீம்.

'ஒரு ஸ்ட்ரீமுக்கு இவ்வளவு' என்று நிலையான விலை எதுவும் இல்லை. மாதந்தோறும் சந்தா, விளம்பர வருமானத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை உரிமையாளர்களுக்கு ஒதுக்கி, மொத்த ஸ்ட்ரீமில் உங்கள் பாட்டின் விகிதப்படி பிரிக்கிறார்கள். கணக்குக்காக வைத்துக்கொள்வோம்: ஒதுக்கிய தொகை ரூ.1 கோடி, மொத்த ஸ்ட்ரீம் 20 கோடி. ஒரு ஸ்ட்ரீமுக்கு 5 பைசா. உங்கள் 900க்கு ரூ.45! விதி இல்லாவிட்டாலும் டீச்செலவுக்குத்தான் ஆகியிருக்கும். இதே பாட்டை லண்டனில் சந்தா கட்டுபவர் கேட்டால் கூடுதலாகவும், இங்கே விளம்பரத்தோடு இலவசமாகக் கேட்டால் குறைவாகவும் விழும். வரவேண்டியதும் கைக்கு வர இரண்டு மூன்று மாதம் ஆகும்.

கேள்வி: பாட்டை எழுதியவருக்கும் மெட்டமைத்தவருக்கும் டிஸ்ட்ரிபியூட்டரே சேர்த்துத் தந்துவிடுவாரா?
– வாசகி, மதுரை

பதில்: இங்கேதான் பலர் கோட்டைவிடுகிறார்கள். ஒரு பாட்டில் இரண்டு உரிமைகள்: ஒலிப்பதிவு ஒன்று, வரிகளும் மெட்டும் இன்னொன்று. டிஸ்ட்ரிபியூட்டர் வழக்கமாக வசூலிப்பது முதலாவதை மட்டும். இரண்டாவதற்கு, மும்பையில் 1969 முதல் இயங்கும், ராயல்டியை வசூலித்துப் பிரித்துத் தரும் ஐ.பி.ஆர்.எஸ். அமைப்பில் பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் தனித்தனியே உறுப்பினராக வேண்டும். அப்புறம் ஒவ்வொரு பாட்டையும் பதிவுசெய்ய வேண்டும். உறுப்பினரானால் மட்டும் போதாது. யாருக்கு எத்தனை சதவீதம் என்பதைப் பாட்டு வெளியாகும் முன்பே எழுதிக் கையெழுத்திடுங்கள். கூட்டினால் 100 வரவேண்டும். முன்சொன்ன 1,000 ஸ்ட்ரீம் விதி இந்த ராயல்டிக்குப் பொருந்தாது.

பெயரை ஓரிடத்தில் 'எஸ்.குமார்', இன்னோரிடத்தில் 'குமார் எஸ்' என்று கொடுத்தால் பணம் ஆள் தெரியாமல் தேங்கும். டிஸ்ட்ரிபியூட்டரை மாற்றும்போது பாட்டின் பழைய ஐ.எஸ்.ஆர்.சி. எண்ணையே (ஒலிப்பதிவுக்கான 12 எழுத்து-இலக்க அடையாள எண்) கொடுங்கள், புது எண் வாங்கினால் சேர்ந்த ஸ்ட்ரீம் கணக்கு கைவிட்டுப் போகலாம்.

லேபிளுக்கு (பாட்டை வெளியிடும் இசை நிறுவனத்துக்கு) உரிமையை எழுதிக்கொடுத்துவிட்டோமே என்று கலங்க வேண்டாம். 2012இல் திருத்திய பதிப்புரிமைச் சட்டப்படி, ராயல்டியில் சமபங்கு பெறும் உரிமையைப் பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் லேபிளுக்கு விட்டுக்கொடுக்கவே முடியாது.

கேள்வி: ரூ.1,500 கொடுத்தால் 10,000 ஸ்ட்ரீம் ஏற்றித் தருவதாக வாட்ஸ்அப்பில் ஒருவர் சொல்கிறார். வாங்கலாமா?
– வாசகர், சேலம்

பதில்: வேண்டாம். போலி என்று பிடிபட்ட ஸ்ட்ரீமுக்கு ராயல்டி கிடையாது. அளவு மீறினால் ஸ்பாட்டிஃபை டிஸ்ட்ரிபியூட்டருக்கு அபராதம் போடும். அவர் அதை உங்கள் கணக்கில் கழிப்பார், பாட்டையே எடுத்துவிடவும் செய்வார்.