மேனேஜர் சொன்னது போதுமா?

கேள்வி: எனக்கு 23 வயது. ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் சேர்ந்து ஒன்றரை வருடம் ஆகிறது, முழுக்க வீட்டிலிருந்தே வேலை. ஒரு வருடம் வெளிநாட்டில் தங்கி, இதே வேலையைத் தொடர ஆசை. ரிமோட் வொர்க் விசா பல நாடுகளில் இருப்பதால் எதற்கு விண்ணப்பிப்பது என்று குழப்பமாக இருக்கிறது. “எங்கிருந்து செய்தாலும் சரி” என்று மேனேஜர் சொல்லிவிட்டார். “டூரிஸ்ட் விசாவிலேயே போ, யார் பார்க்கப்போகிறார்கள்” என்கிறாள் தோழி. டிக்கெட் இப்போது மலிவாகக் கிடைக்கிறது. எடுத்துவிடலாமா?

பதில்: அன்புத் தங்கைக்கு,

உங்கள் ஆசை நியாயமானது. 23 வயதில் ஒரு வருடம் வேறு ஊரில் தனியாக வாழ்ந்து பார்ப்பது நல்ல விஷயம். ஆனால் எந்த நாடு என்பதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. மேனேஜர் வாயால் சொன்னதைக் கம்பெனி எழுத்தில் தருமா என்று பாருங்கள்.

மேனேஜர் நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார். ஆனால் நீங்கள் இன்னொரு நாட்டில் மாதக்கணக்கில் உட்கார்ந்து வேலை செய்தால், கம்பெனிக்கு அங்கே வரி, சமூகப் பாதுகாப்புக் கட்டணம் என்று பொறுப்புகள் வரலாம். வாடிக்கையாளர் தகவல்களை நாட்டுக்கு வெளியே திறக்கக் கூடாது என்ற ஒப்பந்தமும் இருக்கலாம். முடிவெடுப்பது ஹெச்ஆரும் சட்டப் பிரிவும்தான். அவர்களுக்கு இன்றே ஒரு மெயில் போடுங்கள்: “இந்த மாதத்திலிருந்து ஒரு வருடம் வெளிநாட்டிலிருந்து பணிபுரிய விரும்புகிறேன். எந்தெந்த நாடுகளுக்கு அனுமதி உண்டு? விசாவுக்காக அனுமதிக் கடிதம் தர முடியுமா?” இவ்வளவு போதும்.

கடிதம் கம்பெனி லெட்டர்ஹெட்டில் இருக்க வேண்டும். பாஸ்போர்ட்டில் உள்ளபடியே உங்கள் பெயர், பதவி, சேர்ந்த தேதி, சம்பளம், இந்த நாட்டிலிருந்து இத்தனை மாதம் ரிமோட்டாக வேலை செய்ய அனுமதிக்கிறோம் என்ற வரி, கையெழுத்திட்டவரின் பெயர், தொடர்பு எண். “இவர் எங்கள் ஊழியர்” என்று மட்டும் எழுதிக் கொடுத்தால் வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள். அனுமதி வரி இல்லாத கடிதத்தால் விசாவுக்குப் பயனில்லை.

அடுத்தது வருமானம். இளம் வயதுக்காரர்கள் தடுக்கி விழுவது பெரும்பாலும் இங்கேதான். ஜப்பான் ஆண்டுக்கு 1 கோடி யென் கேட்கிறது, தருவதோ 6 மாதம், அதுவும் குறிப்பிட்ட நாடுகளின் பாஸ்போர்ட் உள்ளவர்களுக்கு மட்டும். எஸ்டோனியாவில் வரிக்கு முன் மாதம் 4,500 யூரோ. போர்ச்சுகல் தன் குறைந்தபட்ச ஊதியத்தைப் போல் நான்கு மடங்கு கேட்கிறது, ஸ்பெயின் இரண்டு மடங்கு. குறைந்தபட்ச ஊதியம் ஏறும்போது இந்தத் தொகையும் ஏறும். ஸ்பெயினில் இன்னொரு நிபந்தனை: பட்டம் வேண்டும், இல்லையென்றால் 3 வருட அனுபவம் வேண்டும். பட்டம் முடித்தீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. இல்லையென்றால் ஸ்பெயினை இப்போதைக்கு விட்டுவிடுங்கள்.

உங்கள் நிலையில் முதலில் பார்க்க வேண்டியவை மலேசியாவும் தாய்லாந்தும் என்பது என் எண்ணம். மலேசியாவின் ரிமோட் வொர்க் அனுமதியான டிஇ ராந்தாவ் பாஸில் டிஜிட்டல் துறை வேலைக்கு ஆண்டு வருமானம் 24,000 அமெரிக்க டாலர் போதும், 12 மாதம் வரை தங்கலாம். தாய்லாந்து 2024-இல் ரிமோட் ஊழியர்களுக்கும் கொண்டுவந்த டிடிவி (டெஸ்டினேஷன் தாய்லாந்து விசா) விசாவில் 20 வயது நிறைந்திருக்க வேண்டும், 5 லட்சம் பாட் கையிருப்பு காட்ட வேண்டும். விசா 5 வருடம் செல்லும், ஒவ்வொரு முறை நுழையும்போதும் 180 நாள் தங்கலாம்.

வருமானத்தைச் சரிபார்ப்பவர் கடிதம், சம்பளச் சீட்டு, பேங்க் ஸ்டேட்மெண்ட் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் பார்ப்பார். மூன்றிலும் தொகை ஒத்துப்போக வேண்டும். வித்தியாசம் பிடித்தங்களால் வந்தது என்றால் அது சீட்டில் தெரிய வேண்டும். மாமாவிடம் வாங்கிய பணத்தைக் கடைசி வாரத்தில் கணக்கில் போட்டுக் காட்டும் யோசனை யாராவது சொன்னால் கேட்காதீர்கள். திடீரென்று விழும் பெரிய தொகைதான் முதலில் கண்ணில் படும்.

பட்டச் சான்றிதழுக்கு அப்போஸ்டில் (ஆவணம் உண்மையானது என்று வெளிநாட்டுக்குக் காட்டும் அரசு முத்திரை) தேவைப்பட்டால் இப்போதே வாங்கி வைக்கலாம். காவல்துறை நன்னடத்தைச் சான்றிதழை மட்டும் சீக்கிரமே வாங்காதீர்கள். சில மாதங்களுக்கு முன் வாங்கியதைப் பல தூதரகங்கள் ஏற்பதில்லை. மருத்துவக் காப்பீடு தங்கும் காலம் முழுவதற்கும் இருக்கட்டும்.

வரிக்கு மட்டும் ஒரு ஆலோசகரிடம் காசு கொடுத்துக் கேளுங்கள், அது வீண்செலவே இல்லை. ஒரு நாட்டில் 183 நாள் தங்கினால் அங்கே வரி கட்ட வேண்டியவர் ஆகிவிடுவது பல இடங்களில் விதி. நீங்கள் போவதோ ஒரு வருடத்துக்கு. குரோஷியா போன்ற சில நாடுகள் இந்த விசாவில் வருபவர்களின் வெளிநாட்டு வருமானத்துக்கு வரி விலக்கு தருகின்றன, எல்லா நாடும் அப்படியல்ல. இரு நாடுகளுக்கும் இடையே இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தம் உண்டா என்றும் கேளுங்கள்.

தோழி சொல்லும் வழி வேண்டவே வேண்டாம். ஐரோப்பாவில் ஒரே விசாவில் சுற்றக்கூடிய ஷெங்கன் நாடுகளில் டூரிஸ்ட்டாக எந்த 180 நாளிலும் 90 நாளுக்கு மேல் இருக்க முடியாது, அதனால் அங்கே உங்கள் ஒரு வருடக் கணக்கே நடக்காது. மற்ற இடங்களிலும் சுற்றுலா விசாவில் வேலை செய்து பிடிபட்டால் திருப்பி அனுப்பலாம், மறுபடி வரத் தடையும் போடலாம். “எந்த நாட்டிலாவது வெளியேற்றப்பட்டீர்களா?” என்ற கேள்வி பல விசாப் படிவங்களில் உண்டு. இவ்வளவு சின்ன வயதில் அந்தக் கட்டத்தில் “ஆம்” என்று எழுத வேண்டிய நிலை உங்களுக்கு வரக் கூடாது.

டிக்கெட்டா? இப்போது எடுக்க வேண்டாம். விண்ணப்பத்தோடு பயண விவரம் கேட்டால், பணம் திரும்பக் கிடைக்கும் முன்பதிவை வையுங்கள். வீட்டு வாடகைக்கும் அப்படித்தான், விசா கிடைக்கும் முன் முழு வருட ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். முதல் மாதத்துக்கு மட்டும் தங்குமிடம் பிடித்துக்கொண்டு, மீதியை அங்கே போய், தெருவையும் இணைய வேகத்தையும் நேரில் பார்த்து முடிவு செய்யுங்கள்.