லைசென்ஸ் எடுக்கப் போகிறவர்களுக்கு: இந்த மாதக் கேள்வி பதில்

(பதில் எழுதுபவர் யாழ்ப்பாணத்தில் 19 வருடங்களாக வாகனம் பழக்கிவரும் ஆசிரியை.)

கேள்வி: எனக்கு 21 வயது. ஊர் கோண்டாவில். ஏ.எல். வரை தமிழில் படித்தேன், இப்போது கொம்பியூட்டர் டிப்ளோமா ஆங்கிலத்தில் படிக்கிறேன். லைசென்ஸ் எழுத்துப் பரீட்சையையும் ஆங்கிலத்தில் எழுது, தமிழ்த் தாளில் வருகிற சொற்கள் ஒருவருக்கும் விளங்காது என்று கூடப் படிக்கிறவர்கள் சொல்கிறார்கள். எதில் எழுதுவது?

தங்கச்சி, தமிழில் எழுதுங்கள். சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் தாள் இருக்கிறது. நீங்கள் எந்த மொழியில் யோசிக்கிறீர்களோ அந்த மொழிதான் உங்களுக்குச் சரியான தாள்.

கூடப் படிக்கிறவர்கள் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. நாங்கள் வாயால் சொல்வது ஒன்று, தாளில் இருப்பது இன்னொன்று. ஓவர்டேக் என்போம், அங்கே முந்திச் செல்லல் என்று இருக்கும். றவுண்டபோட் என்போம், அது சுற்றுவட்டம். மஞ்சள் கோடு என்று எல்லோரும் சொல்வது பாதசாரிக் கடவை. டிரைவர் சாரதியாகிவிடுவார், லைசென்ஸ் அனுமதிப்பத்திரம் ஆகிவிடும். முதல் தடவை பார்க்கிற பிள்ளை திகைக்கத்தான் செய்யும். ஆனால் இப்படியான சொற்கள் மொத்தமாக ஒரு கொப்பியின் இரண்டு பக்கத்துக்குள் அடங்கும். இடது பக்கத்தில் நாங்கள் சொல்வதையும் வலது பக்கத்தில் புத்தகத்தில் உள்ளதையும் எழுதுங்கள். ஒரு கிழமை போதும்.

ஆங்கிலத்தில் எழுதுகிறவர்களுக்கு இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று வருவதை நான் கண்டிருக்கிறேன். நல்லாகப் படிக்கிற ஒரு தம்பி, தகப்பனின் விருப்பத்துக்காக ஆங்கிலத்தில் எழுதித் தவறிவிட்டான். பிறகு வந்து என் முன்னால் இருந்து, "எனக்கு எல்லா விதியும் தெரியும் மிஸ்" என்று கண் கலங்கச் சொன்னான். தெரியும் என்பது எனக்கும் தெரியும். ஒவ்வொரு பலகையாகக் கேட்டுக்கொண்டு போனேன். தலைகீழ் முக்கோணப் பலகை வந்ததும், "கிவ் வே, எங்களுக்கு வழி தந்திருக்கிறார்கள், நாங்கள் போகலாம்" என்றான். எழுத்தைச் சரியாக வாசித்துவிட்டுப் பொருளை நேர் எதிராக எடுத்திருக்கிறான். தமிழில் 'வழிவிடவும்' என்று வாசித்திருந்தால் அவன் ஒருநாளும் அப்படி நினைத்திருக்கமாட்டான். இந்தப் பிழை தாளில் வந்தால் ஒரு புள்ளிதான் போகும். றோட்டில் வந்தால் என்ன போகும் என்று நான் சொல்லத் தேவையில்லை. இரண்டாம் முறை தமிழில் எழுதிச் சித்தியடைந்தான். இப்போது வேன் ஓடுகிறான்.

தாளில் 40 பல்தேர்வு வினாக்கள் இருக்கும். அதில் கவனமாக இருக்கவேண்டியது 'பின்வருவனவற்றுள் தவறானது எது' என்று முடிகிற கேள்விகளில். அவசரத்தில் சரியான விடையைக் கண்டவுடன் அடையாளம் போட்டுவிட்டு வந்து அழுகிற பிள்ளைகள் கனபேர். கேள்வியின் கடைசிச் சொல்லில் விரலை வைத்து வாசித்துவிட்டு விடைக்குப் போங்கள். வேக எல்லைகளையும் மாறிப் பாடமாக்காதீர்கள். ஊர்மனைக்குள் காருக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் மணிக்கு 50 கிலோமீற்றர், ஓட்டோவுக்கு 40. ஊர்மனை தாண்டினால் காருக்கு 70, ஓட்டோவுக்கு அதே 40 தான்.

நீங்கள் கோண்டாவில் என்றபடியால் இன்னொன்றும் சொல்கிறேன். உங்கள் ஊருக்குள்ளே ரயில் பாதை ஓடுகிறது. படிக்கும்போது புகையிரதக் கடவைப் பலகைகளை ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள். வேலி மாதிரிப் படம் இருந்தால் படலை உள்ள கடவை. என்ஜின் படம் இருந்தால் படலை இல்லாதது, உங்கள் கண்ணும் காதும்தான் படலை. 1990இல் நின்றுபோன ரயில் 2014 ஒக்ரோபரில்தான் யாழ்ப்பாணத்துக்குத் திரும்பி வந்தது. இடையில் பிறந்து வளர்ந்த ஒரு தலைமுறைக்கு, தண்டவாளத்தைக் கடக்க முன் நிற்கவேண்டும் என்று வீட்டில் ஒருவரும் சொல்லிக் கொடுக்கவில்லை. சொல்லிக் கொடுக்கத் தண்டவாளமே இருக்கவில்லை. அந்தப் பழக்கத்தை இப்போது நாங்களாக உண்டாக்கவேண்டியிருக்கிறது. படலை இல்லாத கடவைகளில் நடந்த சாவுகளைப் பத்திரிகையில் வாசிக்கும்போதெல்லாம், என்னிடம் பழகிய பிள்ளையோ என்றுதான் முதலில் பார்க்கிறேன்.

கேள்வி: எனக்கு 52 வயது, சுன்னாகம். 11 வருடமாகக் கார் ஓடுகிறேன். மகன் கனடாவில், ஸ்காபரோவில் இருக்கிறார், அடுத்த வருடம் என்னையும் நிரந்தரமாக அங்கே கூப்பிடுகிறார். எனக்கு ஆங்கிலம் போதாது. அங்கே தமிழில் சோதனை எழுதலாம் என்று சொல்வது உண்மையா? என்னுடைய ஊர் லைசென்ஸுக்கு அங்கே ஏதும் மதிப்பு உண்டா?

இரண்டுக்கும் ஆம், அம்மா. ஸ்காபரோ ஒன்ராறியோ மாகாணத்தில் இருக்கிறது. அங்கே ஜீ1 என்கிற முதல் எழுத்துச் சோதனையைத் தமிழில் எழுதலாம். 40 கேள்விகள்: 20 வீதி விதிகள், 20 குறியீடுகள். இரண்டு பகுதியிலும் தனித்தனியாக 16 சரியாக வரவேண்டும். ஒன்றில் 20 எடுத்து மற்றதில் 15 எடுத்தால் சித்தி இல்லை. குறியீடுகளை ஊரிலேயே பார்த்த ஞாபகத்தில் விட்டுவிடாதீர்கள், கன பலகைகள் எங்களுடையதைப் போல இல்லை.

ஊர் லைசென்ஸ் செல்லுபடியானதாக இருந்தால், போய்க் குடியேறியபின் 60 நாட்களுக்கு அதை வைத்து ஓடலாம். அதற்குமேல் ஒன்ராறியோ லைசென்ஸ் வேண்டும். சாதாரணமாக ஜீ1 எடுத்த ஒருவர் றோட்டுச் சோதனைக்குப் போக 12 மாதம் காத்திருக்கவேண்டும். பயிற்சி வகுப்பு முடித்தால் 8 மாதம். உங்களுக்கு 11 வருட அனுபவம் இருப்பதால் அந்தக் காத்திருப்பு தேவையில்லை, ஆனால் அனுபவத்தை நிரூபிக்கவேண்டும். வெறும் உறுதிமொழியோடு ஒரு வருடம் வரைதான் கணக்கில் எடுப்பார்கள். அதற்கு மேற்பட்ட அனுபவத்துக்கு, லைசென்ஸ் தந்த திணைக்களத்தின் உறுதிக் கடிதம் கேட்பார்கள். அந்தக் கடிதத்தை ஊரில் இருக்கும்போதே எடுங்கள். விமானம் ஏறியபின் தம்பியையும் மச்சானையும் அலையவிட்டு எடுப்பது பெரிய கரைச்சல். இரண்டு வருடத்துக்கு மேற்பட்ட அனுபவம் அப்படி உறுதியானால், நேராகக் கடைசி றோட்டுச் சோதனைக்கே போகலாம்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். எழுத்துச் சோதனைதான் தமிழில். றோட்டுச் சோதனையில் பக்கத்தில் இருக்கிறவர் ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோதான் கதைப்பார். என் சொந்தத் தங்கச்சி அங்கே இருக்கிறாள். ஜீ1 தமிழில் எழுதி ஒரே தரத்தில் எடுத்தாள், வீட்டில் எல்லோரும் சந்தோசம். றோட்டுச் சோதனையில் "புல் ஓவர்" என்று சொன்னார்களாம். புல் என்றால் இழு. எதை இழுப்பது என்று தேடிக்கொண்டே, ஓரமாக நிற்பாட்டவேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டாள். அவ்வளவும்தான் நடந்தது. அதன்பிறகு பதற்றத்தில் மற்றதெல்லாம் பிழைத்தது. அன்று இரவு தொலைபேசியில் அவள் அழுததை என்னால் மறக்க முடியாது. 15 வருடம் யாழ்ப்பாணத்துச் சன நெரிசலில் கார் ஓடியவள், ஒரு சொல்லுக்காக 'எனக்கு ஓடத் தெரியாது' என்று நினைத்துவிட்டாள்.

பிறகு இரண்டு பேரும் சேர்ந்து ஒரு வழி கண்டோம். சோதனையில் வரக்கூடிய கட்டளைகளை அவளுடைய மகள் தன் குரலில் பதிந்து கொடுத்தாள்: டேர்ன் லெஃப்ட், டேர்ன் ரைட், புல் ஓவர், சேஞ்ச் லேன்ஸ், பேரலல் பார்க், த்ரீ பொயின்ட் டேர்ன். இருபதுக்கும் குறைவு. சமைக்கும்போதும் நடக்கும்போதும் அதையே கேட்டாள். காரில் போகும்போது மகள் பின் சீற்றில் இருந்து அந்தக் கட்டளைகளை மாற்றி மாற்றிச் சொன்னாள். அடுத்த தரம் சித்தி. உங்கள் மகனிடம் இப்போதே கேளுங்கள், வட்ஸ்அப்பில் அனுப்புவார். சுன்னாகத்தில் ஓடும்போதே கேட்டுப் பழகலாம்.

அங்கே வலது பக்கம் ஓடுவதும் நினைவிருக்கட்டும். சந்தியில் திரும்பும்போதுதான் பழைய கை இடது பக்கத்துக்கு இழுக்கும். முதல் ஒரு மாதம் தனியே ஓடாதீர்கள்.

கேள்வி: கணவர் லண்டனில். அங்கே தியரி டெஸ்டைத் தமிழில் கேட்டு எழுதலாம் என்று அவருடைய நண்பர் சொல்கிறார். (பருத்தித்துறை வாசகி)

நண்பர் முந்திப் போனவராக இருக்கவேண்டும். முன்பு காதில் தமிழ்க் குரல் கேட்டு விடை சொல்ல வசதி இருந்தது. தமிழோடு சேர்த்து 19 வெளிநாட்டு மொழிகளுக்கு இருந்த அந்த வசதி 2014 ஏப்ரல் 7ஆம் திகதியோடு நின்றுவிட்டது. மொழிபெயர்ப்பாளரைக் கூட்டிக்கொண்டு போகவும் முடியாது. இப்போது ஆங்கிலத்திலோ வெல்ஷிலோதான். 50 கேள்விகளில் 43 சரியாக வரவேண்டும். அதோடு ஆபத்தைக் கண்டவுடன் சொடுக்குகிற வீடியோப் பகுதியும் உண்டு, அதில் 75க்கு 44. வீடியோப் பகுதிக்கு மொழி அவ்வளவு தேவையில்லை, அதை முதலில் பழகினால் அவருக்குத் தைரியம் வரும். ஊர் லைசென்ஸோடு அங்கே குடியேறிய நாளிலிருந்து 12 மாதம் ஓடலாம் என்பதால், அந்த ஒரு வருடத்தை வீணாக்காமல் படிக்கச் சொல்லுங்கள்.

ஜேர்மனியைப் பற்றியும் இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். அங்கே ஜேர்மன் தவிர 12 மொழிகளில் எழுத்துச் சோதனை உண்டு. ஆங்கிலம், துருக்கி, அரபு எல்லாம் இருக்கின்றன, தமிழ் இல்லை. இத்தனை வருடம் இத்தனை எங்கட சனம் இருக்கிற நாட்டில் இது எனக்கு மனவருத்தம். றோட்டுச் சோதனை அங்கே ஜேர்மனில்தான்.

கேள்வி: வேலை காரணமாக வேறு மாகாணத்தில் தங்கியிருக்கிறேன். அங்கே ட்ரயலுக்குப் போனபோது பரீட்சகர் முழுவதும் சிங்களத்தில் சொன்னார். விளங்காமல் பிழை விட்டேன். தமிழில் கேட்க எனக்கு உரிமை இல்லையா?

உரிமை இருக்கிறது, தம்பி. 1987இல் கொண்டுவந்த 13ஆம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. அரச அலுவலகத்தோடு தமிழில் தொடர்புகொள்ள அரசியலமைப்பில் இடம் இருக்கிறது. 1991இன் 18ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு முறைப்பாடு எழுதலாம். எழுதும்போது கோபத்தை விட்டுவிட்டு, திகதி, நேரம், இடம், என்ன சொல்லப்பட்டது என்பதை மட்டும் எழுதுங்கள். அடுத்த ட்ரயலுக்குப் போகும்போது வாகனத்தில் ஏற முன்னரே, "எனக்குச் சிங்களம் விளங்காது, தமிழில் அல்லது ஆங்கிலத்தில் சொல்லுங்கள்" என்று மரியாதையாகக் கேட்டுவிடுங்கள். ஓடத் தொடங்கியபின் கேட்பது கஷ்டம்.

முறைப்பாட்டுக்குப் பதில் வரும்வரை லைசென்ஸ் இல்லாமல் இருக்க முடியாது அல்லவா? அதனால் இந்த ஆறு சொல்லையும் பழகி வையுங்கள். வமட்ட என்றால் இடப்பக்கம். தக்குணட்ட, வலப்பக்கம். இஸ்ஸரஹட்ட, முன்னுக்கு. பஸ்ஸட்ட, பின்னுக்கு. நவத்தன்ன, நிற்பாட்டுங்கள். ஹெமின், மெதுவாக. இதைப் படிப்பதால் உங்கள் உரிமை குறைந்துவிடாது.

என்னிடம் பழகிய சிங்களப் பிள்ளைகளும் உண்டு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் படித்த ஒரு மகள், திருநெல்வேலியில் அறை எடுத்து இருந்தவள், ஸ்கூட்டி பழக வந்தாள். அவளுக்குத் தமிழ் துண்டாகத் தெரியாது, என் சிங்களமும் அந்த ஆறு சொல்லைத் தாண்டாது. நான் வமட்ட என்பேன், அவள் 'இடப்பக்கம்' என்று திருப்பிச் சொல்லிவிட்டுத் திரும்புவாள். அவளாகவே பிடித்த பழக்கம் அது. முத்திரைச் சந்தியில் அவள் சத்தமாக 'வலப்பக்கம்' என்று சொல்லித் திரும்பியபோது, பக்கத்தில் சைக்கிளில் நின்ற ஒரு ஐயா சிரித்துவிட்டு வழிவிட்டார்.

கேள்வி: ஸ்கூட்டிக்கு ஏ1 போதும்தானே? (மானிப்பாய் வாசகி)

உங்கள் ஸ்கூட்டியின் புத்தகத்தைத் திறந்து எத்தனை சீசீ என்று பாருங்கள். 100 சீசீ வரைதான் ஏ1. அதற்கு மேலென்றால் ஏ வகுப்பு வேண்டும். இப்போது எங்கட றோட்டில் ஓடுகிற ஸ்கூட்டிகளில் பெரும்பாலானவை 110, 125. விண்ணப்பம் நிரப்பும்போதே ஏ என்று போடுங்கள். எட்டுப் போடுவதற்குப் பயந்து தள்ளிப் போட்டுக்கொண்டு இருக்கிறீர்கள் என்று கடிதத்தின் கீழே எழுதியிருந்தீர்கள். முன்சக்கரத்தைப் பார்க்காமல், போகவேண்டிய கோட்டைப் பாருங்கள். தினமும் காலையில் அரை மணித்தியாலம், வெறும் வளவில் பத்து நாள் சுற்றுங்கள். பதினோராம் நாள் எப்படி இருக்கிறது என்று எனக்கு எழுதுங்கள்.