ரெசொல்யூட், கிரீஸ் ஃபியோர்ட்: வான்வழித் தொலைவு எவ்வளவு? வரைபடத்தில் ஏன் அதிகமாகத் தெரிகிறது?

வான்வழித் தொலைவு என்பது பூமியின் வளைந்த மேற்பரப்பில் இரண்டு ஊர்களை இணைக்கும் மிகக் குறுகிய பாதையின் நீளம். கனடாவின் நுனாவுட் பகுதியிலுள்ள ரெசொல்யூட்டுக்கும் கிரீஸ் ஃபியோர்டுக்கும் இடையே அது சுமார் 385 கி.மீ. ஆர்க்டிக் பழங்குடியினரான இனுவிட் மக்களின் இந்த ஊர்களை இணைக்கும் சாலையே கிடையாது. அங்கு வாழ்வோருக்கு இது வெறும் எண்ணன்று. சிறிய விமானத்தில் கடந்தாக வேண்டிய தூரம்.

தட்டையான உலக வரைபடத்தில் இதே தூரம் பல மடங்கு நீண்டு தெரியும். வட, தென் துருவங்களை இணைக்கும் தீர்க்கக் கோடுகள் துருவத்தை நோக்கி நெருங்குவதே காரணம். ஆரஞ்சுச் சுளை நடுவில் அகன்று நுனியில் ஒடுங்குவதைப் போல. நிலநடுக்கோட்டில் 111 கி.மீ. அகலமுள்ள ஒரு டிகிரி தீர்க்க இடைவெளி, இவ்வூர்களை ஒட்டிய 75 டிகிரி வடக்கில் சுமார் 29 கி.மீ. மட்டுமே. வரைபடமோ அதை இழுத்து விரித்துவிடுகிறது.

இவ்வூர்களின் தீர்க்கக்கோடுகள் 12 டிகிரி விலகியிருப்பதால் 12-ஐ 111-ஆல் பெருக்கி, 1,300 கி.மீ.க்கு மேல் என்று எண்ணிவிட வேண்டாம்; அந்தக் கணக்கு நிலநடுக்கோட்டுக்கு மட்டுமே பொருந்தும்.