அலுவலகத்திலேயே மெயில் சர்வர்: வென்டர் சொல்வதும் சொல்லாததும்

கேள்வி: கோவையில் பம்ப் உதிரிபாகங்கள் செய்கிறோம். 22 பேருக்குக் கம்பெனி மெயில் உண்டு, ஆளுக்கு இவ்வளவு என்று மாத வாடகை கட்டுகிறோம். எங்கள் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் வென்டர், "இப்போது மெயில் சர்வர் போடுவது ரொம்ப சுலபம், அரை மணி நேர வேலை. ஆபீஸ் பிராட்பேண்டிலேயே வைத்துவிட்டால் வாடகை மிச்சம்" என்கிறார். முன்பணம் கேட்கிறார். எங்கள் பயமெல்லாம் வெளிநாட்டு வாடிக்கையாளருக்குப் போகும் கொட்டேஷன் ஸ்பாமில் விழுந்துவிடுமோ என்பதுதான். கொடுக்கலாமா?

பதில்: முன்பணத்தை இப்போதைக்கு நிறுத்தி வையுங்கள். வென்டர் பொய் சொல்லவில்லை, அரை மணி நேரக் கணக்கு சரிதான். ஆனால் நீங்கள் பயப்படும் விஷயம் அந்த அரை மணி நேரத்துக்குள் வருவதே இல்லை.

முன்பெல்லாம் மெயிலை அனுப்பி வாங்கும் போஸ்ட்ஃபிக்ஸ் தனி, வந்த மெயிலைப் பெட்டியில் வைத்துக் காட்டும் டவ்காட் தனி, ஸ்பாம் வடிகட்டி தனி என்று ஒவ்வொன்றாக நிறுவி, ஒவ்வொன்றின் அமைப்புக் கோப்பையும் கையால் எழுதிக் கோத்துவிட வேண்டும். ஒரு வரி தப்பினால் ராத்திரி முழுக்கத் தேடல். பாதுகாப்புச் சான்றிதழைக் காசு கொடுத்து வாங்குவார்கள், அடுத்த வருடம் புதுப்பிக்க மறப்பார்கள், ஒரு திங்கட்கிழமை காலை எல்லார் அவுட்லுக்கிலும் எச்சரிக்கை வந்து நிற்கும். அந்தக் காலம் போய்விட்டது. லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு 2015 கடைசியில் இலவசச் சான்றிதழை எல்லாருக்கும் திறந்துவிட்டது. இன்றைய மெயில் தொகுப்புகள் அதைத் தாமே வாங்கி, தாமே புதுப்பிக்கின்றன. மெயில்கவ் என்ற தொகுப்பில் எல்லாம் டாக்கர் என்ற மென்பொருள் பெட்டிகளுக்குள் அடைத்தே வருகிறது. எந்த டிஎன்எஸ் பதிவு (உங்கள் டொமைனின் விவரங்களை வெளி உலகத்துக்குச் சொல்லும் வரி) சரி, எது விடுபட்டிருக்கிறது என்பதை அதன் நிர்வாகப் பக்கமே காட்டிவிடும். (அதற்குக் குறைந்தது 6 ஜிபி ராம் வேண்டும். மூலையில் கிடக்கும் பழைய பில்லிங் கம்ப்யூட்டரில் போடலாம் என்றால் சம்மதிக்காதீர்கள்.)

எனக்கு மிகவும் பிடித்த முன்னேற்றம் மெயில்-இன்-எ-பாக்ஸ் என்ற இன்னொரு தொகுப்பு செய்வது. நிறுவத் தொடங்கும்போதே அது வெளியே எட்டிப் பார்க்கிறது. உங்கள் ஐபி முகவரி (இணையத்தில் உங்கள் இணைப்பின் எண்), ஸ்பாமைத் தடுக்க ஐபிகளைப் பட்டியலிடும் ஸ்பாம்ஹாஸ் அமைப்பின் தடுப்புப் பட்டியலில் இருந்தாலோ, மெயில் வெளியே போகும் வாசலான 25ஆம் போர்ட் அடைபட்டிருந்தாலோ, காரணத்தைச் சொல்லிவிட்டு நிறுவாமலே நின்றுவிடும். நேர்மையான மென்பொருள். ஆனால் அந்தச் சோதனையைத் தாண்டிப் போகவும் ஒரு வழி உள்ளே இருக்கிறது. பில் போடும் அவசரத்தில் இருப்பவர் எதைச் செய்வார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

உங்கள் கொட்டேஷன் ஸ்பாமில் விழுமா என்பதைப் பெரும்பாலும் அந்த சர்வர் பெட்டிக்கு வெளியே உள்ளவைதான் முடிவு செய்கின்றன. ஒரு மெயில் சர்வர் இன்னொன்றிடம் கடிதத்தைக் கொடுப்பது 25ஆம் போர்ட் வழியாக. பிராட்பேண்டு கம்பெனிகள் பல அதை அடைத்து வைத்திருக்கின்றன. கிளவுடுக்குப் போனாலும் இதே கதைதான்: கூகுள் கிளவுட் அடைத்திருக்கிறது, அமேசான் கேட்டால்தான் திறக்கும். அடுத்தது பிடிஆர் பதிவு. ஒரு ஐபி எண்ணைக் கேட்டால் பெயரைத் திருப்பிச் சொல்லும் பதிவு அது. இதை உங்கள் டொமைன் பக்கத்தில் எழுத முடியாது. கதவு எண்ணை வீட்டுக்காரர் வைத்துக்கொள்ள முடியாது, மாநகராட்சிதான் தர வேண்டும். அது மாதிரி ஐபி யாருடையதோ அவர்தான் இதை எழுதித்தர வேண்டும். 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயில், அனுப்புகிற எல்லாரிடமும், தினம் பத்து மெயில் அனுப்பும் கம்பெனியானாலும், இதை எதிர்பார்க்கிறது.

எழுதித்தர வேண்டியவர்கள் யார்? இணைய இணைப்புக் கம்பெனி. அவர்களுடைய கஸ்டமர் கேருக்கு ஒரு தடவை போன் செய்து பாருங்கள். பிடிஆர் என்றால் பிராட்பேண்டு பிளானா என்று கேட்பார்கள். டிக்கெட் எண் தருவார்கள், மறுநாள் "தங்கள் குறை தீர்க்கப்பட்டது" என்று எஸ்எம்எஸ் வரும், ஒன்றும் தீர்ந்திருக்காது. நிலையான ஐபிக்கு வருடா வருடம் பணம் வாங்குகிறார்கள், அந்த ஐபிக்கு ஒரு பெயர் வைத்துத் தர ஆளில்லை. போதாக்குறைக்கு, பிராட்பேண்டு ஐபிகளில் நிறைய, ஸ்பாம்ஹாஸின் ஒரு பட்டியலில் பிறவியிலேயே இருக்கும். நீங்கள் தப்பு செய்தீர்கள் என்று அர்த்தமில்லை. இந்த மாதிரி இணைப்பிலிருந்து நேரடியாக மெயில் வரக்கூடாது என்ற பொது ஏற்பாடு அது. ஆனால் அதைப் பார்க்கும் சர்வர்கள் உங்கள் கொட்டேஷனை வாசலிலேயே திருப்பிவிடும். திருப்பினாலாவது தெரியும். பேசாமல் ஸ்பாமில் போட்டுவிட்டால், ஏன் என்று கேட்க ஜிமெயில் மாதிரிப் பெரிய மெயில் கம்பெனிகளில் ஒரு மனிதர் கிடையாது.

ஆகவே ஆபீஸ் பிராட்பேண்டிலிருந்து நேரடியாக அனுப்பும் யோசனையை விட்டுவிடுங்கள்.

இதில் ஒரு விதிவிலக்கு உண்டு. உங்களுக்குப் பயன்படும் என்பதால் விரிவாகவே சொல்கிறேன். சர்வர் ஆபீஸிலேயே இருக்கட்டும், வரும் மெயிலை அதுவே வாங்கட்டும், வெளியே போகும் மெயிலை மட்டும் ரிலே சேவை (உங்கள் மெயிலை வாங்கி உங்களுக்காக அனுப்பிவைக்கும் கம்பெனி) ஒன்றிடம் கொடுத்து அனுப்பலாம். போஸ்ட்ஃபிக்ஸில் இதற்குச் சில வரிகள் போதும், மெயில்கவ்வில் நிர்வாகப் பக்கத்திலேயே செய்யலாம். சர்வர் அந்தச் சேவையோடு 587ஆம் போர்ட்டில் பேசும், எனவே 25 அடைபட்டிருப்பது தடையில்லை. வெளி உலகம் பார்ப்பது அவர்களுடைய ஐபியை, எனவே பிடிஆரும் அவர்கள் தலைவலி. அமேசானின் எஸ்இஎஸ் என்ற ரிலே சேவை ஆயிரம் மெயிலுக்கு 10 அமெரிக்க சென்ட் வாங்குகிறது; 22 பேர் அனுப்பும் மெயிலுக்கு இது ஒரு செலவே அல்ல. புதுக் கணக்கை முதலில் ஒரு சோதனை வேலிக்குள் வைத்திருப்பார்கள், எழுதிக் கேட்டுத்தான் வெளியே வர வேண்டும். இந்த ஏற்பாட்டிலும் நிலையான ஐபி வேண்டும், உள்ளே வரும் 25 திறந்திருக்க வேண்டும். கரண்ட் போனால் என்ன ஆகும் என்று அடுத்துக் கேட்பீர்கள். அரை நாள் போனால் பயமில்லை, அனுப்புகிற சர்வர் கடிதத்தை வைத்துக்கொண்டு திரும்பத் திரும்ப முயற்சி செய்யும். நாலைந்து நாளாவது முயல வேண்டும் என்பது மெயில் நெறிமுறையின் எதிர்பார்ப்பு. ஆகவே "பேக்கப் எம்எக்ஸ்" என்று, முதல் சர்வர் படுத்தால் மெயிலை வாங்கி வைக்கும் இன்னொரு சர்வரைத் தலையில் கட்ட வந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். ஸ்பாம் அனுப்புபவர்கள் காவல் குறைவாக இருக்கும் அந்தப் பின்வாசலைத்தான் தேடி வருகிறார்கள்.

இப்போது வென்டர் விஷயம். உங்கள் டொமைன் யார் பெயரில் பதிவாகி இருக்கிறது? இன்றைக்கே பாருங்கள். சிறு கம்பெனிகள் நிறைய இடத்தில் மாட்டிக்கொள்வது இதில்தான். முதலில் வெப்சைட் செய்து கொடுத்தவர் டொமைனைத் தன் கணக்கில், தன் மெயில் முகவரியில், தன் போன் எண்ணில் பதிந்து வைத்திருப்பார். சண்டை வரும்வரை யாருக்கும் தெரியாது. வந்த பிறகு, மாற்றிக்கொள்வதற்கான குறியீட்டைத் தரப் பணம் கேட்பார், அல்லது போனையே எடுக்கமாட்டார். டொமைன் கையில் இல்லாதவருக்கு எந்த மெயில் சர்வரும் சொந்தமில்லை. பதிவுக் கணக்கு, டிஎன்எஸ் கணக்கு, ரிலே கணக்கு, சர்வரின் அட்மின் பாஸ்வேர்டு, எல்லாம் கம்பெனி பெயரில். வென்டருக்குத் தனியாக ஒரு லாகின் கொடுங்கள், வேண்டாதபோது மூடிவிடலாம்.

"உங்களுக்காக எக்ஸ்சேஞ்ச் லைசென்ஸ் ஒன்று மலிவாக வைத்திருக்கிறேன்" என்பவர்களும் உண்டு. எக்ஸ்சேஞ்ச் என்பது மைக்ரோசாஃப்டின் மெயில் சர்வர் மென்பொருள். அதன் 2016, 2019 பதிப்புகள் இரண்டுக்கும் மைக்ரோசாஃப்டின் ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. ஓசியில் கிடைத்தாலும் வாங்காதீர்கள்.

டிஎன்எஸ் பதிவுகளில் இரண்டு தப்புகள் அடிக்கடி நடக்கின்றன. எஸ்பிஎஃப் என்பது உங்கள் பெயரில் மெயில் அனுப்ப யாருக்கு அனுமதி என்று சொல்லும் வரி. ஒரு டொமைனுக்கு அது ஒன்றுதான் இருக்கலாம். இப்போது வாடகைக்கு மெயில் தரும் கம்பெனிக்காகப் போட்ட வரியை அப்படியே விட்டு, புதிய வென்டர் கீழே இன்னொன்று போடுவார். இரண்டும் சேர்ந்து செல்லாமல் போய்விடும். பழையதைத் திருத்தச் சொல்லுங்கள். இன்னொன்று டிமார்க், உங்கள் பெயரில் வரும் மெயில் சோதனையில் தேறாவிட்டால் என்ன செய்வது என்று சொல்லும் வரி. சோதனையில் தேறாத மெயிலை நிராகரி என்று முதல் நாளே கடுமையாக வைத்தால், சம்பளச் சீட்டு அனுப்பும் சேவை, வெப்சைட்டின் விசாரணைப் படிவம் என்று நீங்கள் மறந்துபோன இடங்களிலிருந்து வரும் உங்கள் மெயிலே தூக்கி எறியப்படும். முதல் சில வாரம் கண்காணிப்பு மட்டும், அறிக்கைகளைப் பார்த்து அப்புறம் கடுமையாக்கலாம். மெயில் உங்கள் டொமைனிலிருந்து வந்ததுதான் என்று காட்டும் டிகிம் கையொப்பத்துக்கான வரியை மென்பொருளே உருவாக்கித் தரும், அதை டிஎன்எஸ்ஸில் ஒரு எழுத்தும் விடாமல் ஒட்டினால் சரி.

சொந்த சர்வர் வைத்தால் ஒரு சட்டப் பொறுப்பும் கூடவே வருகிறது, வென்டர் இதைச் சொல்லியிருக்கமாட்டார். இணையப் பாதுகாப்புக்கான மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பின் 2022 ஏப்ரல் ஆணைப்படி கம்பெனிகள் 180 நாள் லாக் (சர்வரில் நடந்தவற்றின் பதிவு) வைத்திருக்க வேண்டும், ஊடுருவல் நடந்தது தெரிந்தால் ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். ராத்திரி 11 மணிக்கு அதைச் செய்யப்போவது யார் என்று அவரிடமே கேளுங்கள்.

என் கருத்து, 22 பேருக்கு இப்போதுள்ள வாடகையே தேவலை. இல்லை, சொந்தமாகத்தான் வேண்டும் என்றால் மேலே சொன்ன ரிலே ஏற்பாடு. முன்பணத்துக்கு முன்னால், 25ஆம் போர்ட் இரண்டு திசையிலும் எப்படி இருக்கிறது, வெளியே போகும் மெயில் எந்த ரிலே வழியாகப் போகும், கணக்குகள் எல்லாம் யார் பெயரில் என்பதை வென்டரிடம் எழுத்தில் வாங்குங்கள். மாற்றும்போது எம்எக்ஸ் பதிவின் (உங்கள் மெயில் எந்த சர்வருக்கு வர வேண்டும் என்று சொல்லும் வரி) டிடிஎல்லை, அதாவது மற்றவர்கள் அந்த வரியை நினைவில் வைத்திருக்கும் நேரத்தை, ஒரு நாள் முன்பே 300 விநாடிக்குக் குறைக்கச் சொல்லுங்கள், சனிக்கிழமை மதியம் மாற்றுங்கள். பழைய மெயில்களை ஐமேப்சிங்க் என்ற கருவியை வைத்து நகலெடுக்கலாம். அந்த நகல் முழுதாக வந்து, 22 பேரும் தங்கள் பழைய ஃபோல்டர்களைத் திறந்து பார்த்துச் சரி என்று சொல்லும்வரை இப்போதைய வாடகையை நிறுத்தாதீர்கள்.